மீன் வாடையும் சாதி வாடையும்

சீர்திருத்த ஏட்டிலே சமையலைப் பற்றி ஒரு கட்டுரையா என்று புருவத்தை உயர்த்தும் தோழர்கள் சிலர் இருக்கக்கூடும். அடுப்பங்கரைச் செய்தியை மாதர் பகுதிக்கு ஒதுக்கிவிட்டு, நாட்டு நடப்பைப் பேசுவதுதான் ஆண்மக்களுக்கு அழகு என்று அவர்கள் எண்ணலாம். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். நம் இயக்கத்தின் முதற்கனல் மூண்டது எங்கே? மாநாட்டு மேடையிலா? இல்லை, சாப்பாட்டுப் பந்தியிலே! தேசியம் வளர்ப்பதற்கென்று பொதுமக்கள் பணத்தில் நடைபெற்ற சேரன்மாதேவி குருகுலத்தில், பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனியிடத்தில் சோறு, மற்றப் பிள்ளைகளுக்கு வேறிடத்தில் சோறு என்று இலை போட்டார்களே, 1924-25-இல் எழுந்த அந்தப் பூசலன்றோ பெரியாரைக் காங்கிரசின் வாயிற்படி வரை கொண்டுவந்து நிறுத்தியது! காஞ்சிபுரம் மாநாடு அவரை வெளியே அனுப்பியது பிறகு நடந்த கதை. 1957-இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை அழிக்கத் தோழர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை புகுந்ததும் சோற்றுக் கடையின் முன்னேதான். ஆகவே, இலையில் என்ன விழுகிறது, யார் அதைச் சமைக்கிறார், யாருடன் அமர்ந்து யார் உண்கிறார் என்பவையெல்லாம் நமக்குப் பழைய செய்திகள். புறக்கணிக்கத்தக்க செய்திகள் அல்ல.

நான் வாழ்வது அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் நகரில். இந்நகரின் உணவு எது என்று எவரைக் கேட்டாலும் சால்மன் மீன் என்பார். நம் ஊரில் காலா மீனை ஆங்கிலத்தில் 'இந்திய சால்மன்' என்று எழுதுகிறார்கள். பெயரில்தான் உறவு, பிறப்பில் இல்லை. இங்குள்ள பசிபிக் சால்மனில் ஐந்து இனம்: சினூக், சாக்கை, கோஹோ, சம், பிங்க். அவற்றுள் சாக்கையின் சதை செம்பருத்திப் பூவைப் போலச் சிவந்திருக்கும். அந்நிறம் அது தின்ற சிறு இறால் போன்ற உயிர்களிலிருந்து வருவது. பண்ணையில் வளரும் மீனுக்கு அதே நிறப்பொருளைத் தீனியில் கலந்து ஊட்டுகிறார்கள்.

இந்த மீனின் வாழ்க்கை விந்தையானது. மலையோடையின் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிலிருந்து வெளிவருகிறது. ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போகிறது. ஓராண்டோ, நான்கைந்து ஆண்டுகளோ கடலில் திரிகிறது. பின்னர் வெள்ளத்தை எதிர்த்து, அருவிகளைத் தாவி, தான் பிறந்த அதே ஓடைக்கு மீண்டு, முட்டையிட்டு மாள்கிறது. புராணிகர் கையில் இச்செய்தி கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும்! 'பூர்வஜென்ம வாசனை' என்று ஒரு தலபுராணமே எழுந்திருக்கும். ஓடைக்கரையில் உண்டியலும் வைத்திருப்பார்கள். ஆர்தர் ஹாஸ்லர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் உண்டியல் வைக்கவில்லை, வினா எழுப்பினார். மீன் தன் ஓடையை எதைக்கொண்டு அடையாளம் காண்கிறது? 1951-இல் அவரும் அவருடைய மாணவர் விஸ்பியும், ஒவ்வோர் ஓடைநீருக்கும் உள்ள தனி மணமே அதற்கு வழிகாட்டுகிறது என்ற கருத்தை வெளியிட்டனர். பிற்காலத்தில் கோஹோ குஞ்சுகளை மார்ஃபோலின் என்னும் ஒருவகை வேதிப்பொருள் கலந்த நீரில் சிலநாள் வளர்த்து, மிச்சிகன் ஏரியில் விட்டார்கள். வளர்ந்து திரும்பும் பருவத்தில் அந்த வேதிப்பொருளை ஓர் ஓடையில் சொட்டவிட்டார்கள். மீன்கள் அந்த ஓடையைத் தேடி வந்தன! ஆக, வாசனை என்பது மெய்தான்; ஆனால் பூர்வஜென்மத்தின் வாசனையன்று, தண்ணீரின் வாசனை.

இனி அடுப்புக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டில் சமையல் என்னுடையது. நால்வருக்கு ஏறக்குறைய 700 கிராம் எடையுள்ள, முள் நீக்கிய, தோலோடு கூடிய ஒரே துண்டம் போதும். அதைத் தாளால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். ஈரம் இருந்தால் மீன் வாடுவதற்குப் பதிலாக அவிந்துபோகும். ஒரு சிறு பாத்திரத்தில் சோயா சாஸ் நான்கு மேசைக்கரண்டி, தேன் இரண்டு, பழுப்புச் சர்க்கரை ஒன்று, நசுக்கிய பூண்டு நான்கு பல், துருவிய இஞ்சி கொஞ்சம், எலுமிச்சைச் சாறு ஒரு கரண்டி, இவற்றோடு நம்மூர் மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி. மிளகாய்த்தூள் இந்நாட்டார் முறையில் இல்லை. என் நாக்கின் முறையில் உண்டு. உப்புப் போடக்கூடாது, சோயா சாஸில் உள்ள உப்பே மிகுதி. ஐந்து நிமிடம் கொதித்தால் கலவை கரண்டியின் முதுகில் ஒட்டும் பாகாக இறுகும். பாதியை மீனின்மேல் பூசி, ஓவன் என்னும் சூட்டடுப்பில் 200 பாகை வெப்பத்தில் தோல் கீழாக வைத்துவிட வேண்டும். மொத்தம் 12 முதல் 14 நிமிடம்; மெல்லிய சாக்கைத் துண்டமானால் 10 நிமிடமே கூடுதல். கடைசி மூன்று நிமிடம் இருக்கும்போது எஞ்சிய பாகைப் பூச வேண்டும். முதலிலேயே எல்லாவற்றையும் பூசினால் சர்க்கரை கருகிக் கசக்கும். மீனின்மேல் வெண்மையாகத் தயிர்த்துளி போல ஏதேனும் திரண்டு வந்தால், அது கெட்டுப்போனதன் அறிகுறியன்று. சூடு மிகுந்ததால் வெளியேறிய புரதம். அடுத்த முறை ஒரு நிமிடம் முன்னதாக எடுத்துவிட்டால் போகிறது.

இனிப்பையும் உவர்ப்பையும் ஒரே பூச்சில் கலப்பதா என்று முகம் சுளிக்கிறவர்கள், தம் வீட்டுப் புளிக்குழம்பில் இறக்கும் நேரத்தில் விழுகிற வெல்லத்துண்டை மறந்துவிட்டவர்கள். சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேரும்போது செம்பழுப்பு நிறமும் புதுமணமும் பிறக்கின்றன. 1912-இல் இதை விளக்கியவர் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலார். சோயா சாஸின் சுவைக்கோ வேறொரு கதை உண்டு. 1908-இல் இகேடா கிகுனே என்ற ஜப்பானியப் பேராசிரியர், கொம்பு என்னும் கடற்பாசிச் சாற்றின் சுவை இனிப்பிலோ புளிப்பிலோ உவர்ப்பிலோ கசப்பிலோ அடங்காததைக் கண்டு, அதற்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, 'உமாமி' என்று பெயரிட்டார். நம் முன்னோர் அறுசுவை என்று எண்ணிவைத்தார்கள். ஏழாவதாக ஒன்றை எண்ணக்கூடாது என்று அவர்கள் தடை விதித்ததாகத் தெரியவில்லை. அத்தகைய தடைகளெல்லாம் பின்னால் வந்தவர்களுடைய வேலை.

இந்தப் பூச்சு இந்நகரத்துக்கு ஜப்பானியர் தந்த கொடை. சோயா சாஸும் சர்க்கரையும் கலந்து வாட்டும் தெரியாகி உணவை விற்கும் கடையைத் தோஷி கசஹாரா என்பவர் 1976-இல் இங்கே தொடங்கினார்; பின்னர் அத்தகைய கடைகள் நகரெங்கும் பெருகின. அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பு, 1942-இல், ஜப்பானிய வழியினர் என்ற ஒரே குற்றத்துக்காக இந்நகரத்துக் குடும்பங்களை முள்வேலி முகாம்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். அவர்களுள் இங்கேயே பிறந்து குடியுரிமை பெற்றவர்களும் இருந்தனர். அன்று பிறப்பைக் குற்றமாக்கிய நகரம் இன்று அதே மக்களின் குழம்பைத் தன் சொந்த உணவென்று சொல்லிக்கொள்கிறது. நாக்கு முந்திக்கொள்கிறது, நெஞ்சம் பின்னால் வருகிறது.

தொடக்கம் முதல் தட்டுக்கு வரும் வரை அரை மணி நேரம். அந்த அரை மணியை எண்ணும்போதெல்லாம் எனக்கு என் தாயார் நினைவு வரும். அவர் மீன் குழம்பு வைத்த நாட்களில் விடியுமுன்னே சந்தைக்குப் போவார். வாசலில் உட்கார்ந்து செதில் எடுப்பார். அம்மியில் மசாலை அரைப்பார். கண் எரிய விறகை ஊதுவார். நடுத்துண்டங்கள் அப்பாவின் தட்டுக்கு, தலையும் வாலும் பிள்ளைகளுக்கு, எல்லோரும் கை கழுவிய பின் சட்டியில் ஒட்டிய குழம்பு மட்டும் அம்மாவுக்கு! இதை யாரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை. எழுதாத சட்டத்துக்கு இருக்கிற வலிமை எழுதிய சட்டத்துக்கு இருந்ததுண்டா? 'பெண் ஏன் அடிமையானாள்?' என்று பெரியார் தம் நூலுக்குத் தலைப்பிட்டார். மேடையிலே அந்நூலைப் புகழ்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "சோறு ஆயிற்றா?" என்று கேட்கும் தோழர்களை நான் பார்த்திருக்கிறேன். என் துணைவியார் என்னைப்போலவே காலையில் வேலைக்குப் போய் மாலையில் மீள்கிறவர். நான் ஒருநாள் சமைப்பதைக் கண்டு, "உங்கள் கணவர் உங்களுக்கு உதவுகிறாரே!" என்று அவரிடம் வியந்தவர்கள் பலர். உதவியாம்! தன் வயிற்றுக்கும் தன் பிள்ளைகளின் வயிற்றுக்கும் சமைப்பது யாருக்குச் செய்யும் உதவி? துணைவியார் ஆறு நாள் சமைப்பதைக் கண்டு எவரும் வியந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வாடைக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் இந்நாட்டுக்கு வந்த புதிதில், நம் நாட்டார் மூவரோடு ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டேன். படித்தவர்கள், பண்பாகப் பேசுகிறவர்கள். முதல் வாரத்திலேயே ஒருவர் புன்னகையோடு சொன்னார்: "தாங்கள் எதை வேண்டுமானாலும் சாப்பிடுங்கள், வீட்டில் மட்டும் மீன் வேண்டாம், வாடை பாருங்கள்." வாடைதானா இடர்? கதவைத் திறந்து வைக்கலாம், காற்றாடியைச் சுழலவிடலாம். மறுநாள் என் பாத்திரங்கள் தனி அலமாரிக்குப் போயின. அவற்றில் அதுவரை நான் சோறு மட்டுமே வடித்திருந்தேன்! அப்போதுதான் எனக்கு விளங்கிற்று, அவர்கள் மூக்கைப் பிடித்தது மீனுக்காக அன்று என்பது. கடலைக் கடந்து, விமான நிலையத்துச் சுங்கச் சோதனையைக் கடந்து, ஊறுகாய்ப் புட்டிக்கும் பஞ்சாங்கத்துக்கும் நடுவில் பத்திரமாக வந்து இறங்கியிருந்தது வருணாசிரமம். மாத முடிவில் வேறு வீடு பார்த்துக்கொண்டேன்.

'நாற்றம்' என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்துக்கு உரியது. பூவின் நாற்றம் என்று புலவர்கள் பெருமையாகப் பாடினார்கள். இன்று அச்சொல் என்ன பாடுபடுகிறது! சொல்லுக்கே இந்தக் கதியென்றால், மீனவன் மேலும் தோல் பதனிடுவோன் மேலும் ஏற்றப்பட்ட 'நாற்றம்' எப்படி வந்திருக்கும் என்று ஆராய அதிக நூல்கள் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டோர் புலால் உண்பவர்கள். அப்படியிருந்தும் உண்ணாதவருடைய உணவுக்கு 'சைவம்' என்று சமயத்தின் பெயர். உண்பவருடைய உணவுக்கோ 'அசைவம்' என்று இல்லாமையின் பெயர்! ஒருவர் தம் விருப்பத்தால் காய்கறி மட்டும் உண்டால் அதில் எனக்குக் குறையேதும் இல்லை. உயிர்களிடத்து இரக்கம் கொண்டு புலாலை விட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் எவரும் என் பாத்திரத்தைப் பிரித்து வைத்ததில்லை.

வெளிநாட்டில் வாழும் நம்மவர் ஒருவர் மற்றவரின் சாதியை நேராகக் கேட்பதில்லை; நாகரிகம் அல்லவா! "சொந்த ஊர் எது? எந்தத் தெரு? வீட்டில் சைவமா?" என்று மூன்று படிகளில் இறங்குவார்கள். தோளில் நட்போடு தட்டுவதுபோல் தட்டி, சட்டைக்குள் நூல் உண்டா என்று விரலால் தேடுகிறவர்களும் உண்டு. பெரியவர்களின் இந்தச் சூழ்ச்சியெல்லாம் எனக்குப் பழகிப்போனது. பழகாத ஒன்று சென்ற ஆண்டு நேர்ந்தது. ஞாயிறன்று வாட்டிய மீனில் எஞ்சியதைத் திங்களன்று என் மகள் பள்ளிக்குக் கொண்டுபோவது வழக்கம். ஒருநாள் பெட்டி திறக்கப்படாமலே திரும்பி வந்தது. கேட்டதற்கு நெடுநேரம் விடை இல்லை. பிறகு சொன்னாள். வெள்ளைக்காரப் பிள்ளைகளோ கறுப்பினப் பிள்ளைகளோ ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் இதே மீன்தான். நம் நாட்டுக் குடும்பத்தில் பிறந்த ஒரு பிள்ளை, மீன் தின்பவர்கள் தாழ்ந்தவர்கள் என்று தன் பாட்டி சொன்னதாகச் சொல்லித் தள்ளி உட்கார்ந்ததாம். இரண்டு பிள்ளைகளும் சியாட்டிலில் பிறந்தவர்கள்! சேரன்மாதேவியை வரைபடத்தில் காட்டச் சொன்னால் இருவருக்கும் தெரியாது. நூறாண்டுக்கு முன்பு அங்கே போட்ட தனி இலை இங்கே ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் விரிந்து கிடக்கிறது. பாட்டி சொன்னதைப் பேத்தி சொன்னாள், அவளை நோவானேன்?

இதற்கு இந்நகரம் ஒரு மருந்து கண்டிருக்கிறது. 2023 பிப்ரவரி 21-ஆம் நாள், சாதியால் வேற்றுமை பாராட்டுவதைத் தடைசெய்யும் சட்டத்தைச் சியாட்டில் நகரமன்றம் 6-க்கு 1 என்ற வாக்கில் நிறைவேற்றியது. அமெரிக்க நகரங்களில் இதுவே முதலாவது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர், பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவராகிய அப்போதைய மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த். எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இங்கே சாதியே இல்லை, இச்சட்டம்தான் சாதியை உண்டாக்கும்" என்றார்கள். நோயே இல்லையாம், மருந்துதான் நோயைக் கொண்டுவருகிறதாம்! இல்லாத ஒன்றைத் தடுக்கும் சட்டத்தைக் கண்டு இவ்வளவு பதைப்பது ஏன் என்று அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம் அதே ஆண்டு இத்தகைய மசோதாவை நிறைவேற்றியது. ஆனால் ஆளுநர் அக்டோபரில் அதைத் தள்ளிவிட்டார். இருக்கிற சட்டங்களே போதும் என்பது அவர் கூறிய காரணம். எனக்கு அது போதுமான காரணமாகப் படவில்லை.

சட்டம் வேலை கொடுப்போனையும் வீட்டு உரிமையாளனையும் கட்டும்; பள்ளிப் பிள்ளையின் நாவை எது கட்டும்? மகளுக்கு நான் சாதியொழிப்புச் சொற்பொழிவு ஆற்றவில்லை. அவள் பெட்டியில் இருந்த மீனின் கதையைச் சொன்னேன். இந்த மண்ணுக்குரிய பழங்குடி மக்கள் 1854-ஆம் ஆண்டு டிசம்பரில் மெடிசின் கிரீக் என்னுமிடத்தில் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்சுடன் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். நிலத்தைத் தந்துவிட்டார்கள், வழக்கமாக மீன் பிடித்த இடங்களில் தொடர்ந்து பிடிக்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிறகு மீன் பதப்படுத்தும் ஆலைகள் வந்தன, அணைகள் வந்தன, மீன் குறைந்தது. பழி யார்மீது விழுந்தது? ஆற்றங்கரையில் வலை விரித்த பழங்குடியினர்மீது! நிஸ்குவாலி இனத்தைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் என்ற சிறுவனை 1945-இல், 14 வயதில், மீன் பிடித்ததற்காகக் கைது செய்தார்கள். அதன் பின் அவர் 50 முறைக்கு மேல் கைதானார். 1960-களில் அவரும் தோழர்களும் தடையை மீறி ஆற்றில் வலை போட்டுச் சிறை புகும் அறப்போரைத் தொடர்ந்து நடத்தினர். 1964-இல் மார்லன் பிராண்டோ என்ற திரைப்பட நடிகரும் புயாலப் ஆற்றில் அவர்களோடு இறங்கிக் கைதானார். காவலர் தடியடி உண்டு, கண்ணீர்ப்புகை உண்டு, வலைகளைப் பறித்துச் செல்வது உண்டு. எல்லாம் எதற்காக? தம் பாட்டன் பிடித்த மீனைத் தாம் பிடித்ததற்காக!

1974 பிப்ரவரி 12-ஆம் நாள், ஜார்ஜ் போல்ட் என்ற நீதிபதி தீர்ப்பளித்தார்: அந்த உடன்படிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது, பிடிக்கத்தக்க மீனில் பாதி பழங்குடியினருக்கு உரியது. நாடே கொந்தளித்தது, நீதிபதியின் கொடும்பாவியை எரித்தார்கள். 1979-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. பில்லி ஃபிராங்க் 2014-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அந்நாட்டுக் குடிமகனுக்குரிய மிக உயர்ந்த விருதை அவருக்கு அளித்தார்கள்.

"அவர்களையும் தாழ்ந்தவர்கள் என்றார்களா?" என்று கேட்டாள் மகள். "என்றார்கள்" என்றேன். "மீன் தின்றதற்காகவா?" "இல்லை, மீனைத் தாங்களே எடுத்துக்கொள்வதற்காக." அவள் சற்று நேரம் பேசவில்லை.

பழங்குடியினர் ஆண்டின் முதல் சால்மனைச் சடங்கோடு வரவேற்கிறார்கள். ஊரே பகிர்ந்துண்டு, எலும்பை ஆற்றுக்கே திருப்பி விடுகிறார்கள். சடங்குகளை எள்ளி நகையாடியே பழகிய எனக்கு இது ஓர் இக்கட்டு. அவர்களுடைய நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. ஆனால் முதல் மீனை ஒருவனே விற்றுக் காசாக்காமல் ஊருக்குப் பங்கிடுவதும், ஆற்றை நினைவில் வைத்திருப்பதும் மூடத்தனம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. முட்டையிட்டு மடியும் சால்மனின் உடலிலுள்ள சத்து கரையோர மரங்களுக்கே உரமாவதை இன்றைய ஆய்வாளர்கள் மரத்தின் திசுவிலேயே கண்டிருக்கிறார்கள். கிளாமத் ஆற்றின் நான்கு அணைகளை அப்பழங்குடியினர் பல்லாண்டுகள் போராடி நீக்கச் செய்தார்கள். 2024-இல் அவ்வேலை முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில், 1912-க்குப் பிறகு முதன்முறையாக, ஆரிகன் மாநிலத்துக்குள் அந்த ஆற்றுப்படுகையில் சினூக் மீன் நீந்தி ஏறியது.

தமிழ்நாட்டில் இருக்கும் தோழர்கள் சால்மனைத் தேடிப் பெரும்பணம் செலவிட வேண்டியதில்லை. காலா மீனோ வஞ்சிரமோ விரல் கனத்துக்கு வெட்டியது போதும். தேனுக்குப் பதிலாக இரண்டு கரண்டி வெல்லத்தூள். சோயா சாஸ் இப்போது சிற்றூர் மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. ஓவன் இல்லாத வீட்டில் தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டு, ஒரு பக்கம் நான்கு நிமிடம், திருப்பிப் போட்டு மூன்று நிமிடம் மூடி வைத்து, கடைசியில் பாகை ஊற்றி ஒரு நிமிடம் புரட்டினால் அதே பளபளப்பு வரும். துண்டங்களை அடுப்பில் வைக்கும் முன்பே வீட்டிலுள்ள தலைகளை எண்ணி, ஒரே அளவாக வெட்டிக்கொள்ளுங்கள். அம்மாவின் தலையையும் சேர்த்து எண்ணுங்கள்.